றிவெற் விளைந்த வயல்

போர் முடிந்து ஊருக்கு மறுகுடியேறி, மூன்றாவது காலபோக வெள்ளாமையில் யோகராசாவின் வயலில் நெல்லுக்குப் பதிலாக றிவெற் ஆணி விளைந்தது. மன்னாரில், நானாட்டானுக்குத் தெற்கே, கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் கடைசியாக வந்து சேரும் ஊர் அது. அந்த வருடம் தண்ணீருக்குக் குறைவில்லை, பூச்சியும் இல்லை, பக்கத்து வயல்காரர் எல்லோருக்கும் நல்ல விளைச்சல். யோகராசாவின் வயலும் மற்ற வயல்களைப் போலத்தான் குடலை தள்ளியது, பூத்தது, பால் பிடித்தது. கதிர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தலை குனிந்து நின்றது. காற்றடித்தால் சலசலக்காமல் கிணுகிணுத்தது. யூரியா கூடிப்போயிற்று என்று யோகராசா நினைத்தார். ஒரு மணியை நகத்தால் உரித்துப் பார்த்தால், உமிக்குள்ளே ஒரு பக்கம் குடையும் மறுபக்கம் வாலுமாக மினுங்குகிறது றிவெற். மனுசன் லேசில் விடுகிற ஆளில்லை. வரம்பில் குந்தியிருந்து மத்தியானம் வரை உரித்தார். மருந்துக்கும் ஒரு அரிசி கிடைக்கவில்லை.

கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய் இரண்டு வருடமாகியிருந்தது. வயல் சுத்தம் என்று அவர்கள்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே அவர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். கருவியை வரம்பில் வைத்ததும் அது விடாமல் அலறத் தொடங்கியது. பிடித்திருந்தவர் காதிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு ஒரு றிவெற்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது வீட்டுக்கு அடிக்கிற ஆணி இல்லை ஐயா, பிளேனுக்கு அடிக்கிறது" என்றார். பிறகு ஆமி வந்தது. யார் விதைத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றார் யோகராசா. விதைநெல் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். கவர்மென்ட் தந்தது என்றார். அதற்குமேல் கேட்டால் கேள்வி எங்கே போய் முட்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? ஒரு பிடி றிவெற்றைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

இவ்வளவோடு விட்டிருந்தால் அந்த விளைச்சல் அந்த வருடத்தோடு முடிந்திருக்கும் என்று இப்போது ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது சொல்லி என்ன? தைப்பூசம் வந்துவிட்டது. தைப்பூசத்தன்று வீட்டுக்காரன் வயலுக்குப் போய், கிழக்குப் பார்த்து நின்று, தேங்காய் உடைத்து, முதல் கதிரை அறுத்துத் தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரி விளக்கோடு வாசலில் நின்று அதை வாங்க வேண்டும். அதற்குப் புதிர் எடுப்பது என்று பெயர். இந்தமுறை போகமாட்டேன் என்று யோகராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அவருடைய மனைவி இந்திராதேவி விடவில்லை. எட்டு வருடத்துக்குள் மகனைக் கொடுத்து, ஊரைக் கொடுத்து, அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள்ளே கிடந்து, திரும்பி வந்து பற்றைக்காட்டை வெட்டி வயலாக்கியவள். நல்லநாள் பெருநாளைத் தவறவிட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று பயந்தாள்.

"தைப்பூசத்தண்டு வெறுந்தட்டோட படியேறேலாதப்பா. வயல் என்ன தந்துதோ அதைக் கொண்டாங்கோ."

"அதை என்ன, சோறாக்கித் தின்னப்போறியோ?"

"சாமிக்கு வைப்பம். அவர் பாத்துக்கொள்ளுவார்."

றிவெற் கதிர் வெற்றிலை பாக்கோடு தட்டில் வந்தது. இந்திராதேவி விளக்கோடு நின்று வாங்கினாள். ஒரு பிடியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள், ஒரு கொத்தைத் தகரக் கூரையின் கீழே கட்டித் தூக்கினாள், ஒன்றிரண்டை முறைக்காகப் புதிர்ச் சோற்றுப் பானையிலும் போட்டாள். ஒன்று யோகராசாவின் பல்லில் கடிபட்டது. நல்லநாளில் ஏன் வாயைத் திறப்பான் என்று மென்றதுபோலப் பாவனை செய்துவிட்டுத் துப்பினார். புதிரை வீட்டுக்குள் எடுப்பதென்றால், இந்த விளைச்சல் எங்களுக்குச் சம்மதம் என்று வயலுக்குச் சொல்வது. அதனால்தான் அரிசி வைக்காத சப்பிக் கதிரை யாரும் புதிராக எடுப்பதில்லை. அந்த யோசனை அன்றைக்கு அவளுக்கு வரவில்லை. வயலுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது.

அடுத்த காலபோகத்தில் பார்க்க வேண்டுமே! பக்கத்து வயல் யசோதாவின் வைக்கோல் அத்தனையும் எண்ணெய் ஓடும் மெல்லிய குழாய்களாக முற்றியது. மாடுகள் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. வடக்குத் தெருப் பனைகளில் ஓலைக்குப் பதிலாக என்ஜினுக்குள் சுழலும் தகடுகள் விசிறி விசிறியாக விரிந்தன. கொண்டச்சி மணலில் ஒரு மழைக்குப் பிறகு, ஒரு ஆள் உள்ளே இருக்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு காளான் முளைத்த மாதிரி வெளியே வந்தது. மன்னார்த் தீவில், பேசாலைக் கடலில், வின்சன்ட் என்பவரின் வலையில் வாரும் கொளுக்கியுமாக, பிளேன் ஓட்டுகிறவன் குந்துகிற கதிரை ஒன்று அகப்பட்டது. யாரும் குந்தியிராத அந்தக் கதிரை சூடாக இருந்தது. மடுவுக்குப் போகும் வழியில் ஒரு குளம் வற்றி, சேற்றுக்குள்ளே டயர்கள் கிடந்தன. ஒரு இடத்தில் விளைந்தது இன்னொரு இடத்தில் விளையவில்லை. றிவெற் என்றால் யோகராசா வயல்தான். குழாய் என்றால் யசோதாதான். முதல் வருடம் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாம் வருடம், உன்னுடையது எத்தனை மூட்டை, என்னுடையது இத்தனை மூட்டை என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் வாங்க வந்தவர் ஹுசைன். மன்னார் பட்டினத்தில் பழைய இரும்பு வியாபாரம். அவரும் இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு இடிந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர்தான்; நல்ல மனுசன், நிறுவையில் கைவைக்க மாட்டார். சாமானுக்குக் காசு கொடுப்பதில்லை. லொறியில் ஓடு, சீமெந்து, கதவு, ஜன்னல் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டு மூட்டைகளை ஏற்றிப்போவார். தறப்பாளுக்குக் கீழே மழையில் நனைந்த சனத்துக்கு வேறென்ன வேண்டும்? அவரிடம் வாங்குகிறவன் யார் என்று கேட்டால், சந்தியில் லொறியை மாற்றி ஏற்றுகிற ஒருவன் என்பார். அவனிடம் வாங்குகிறவன்? அது அவருக்குத் தெரியாது.

"ஒரு பிளேனை ஒருத்தன் தனியச் செய்யிறதில்லை தங்கச்சி" என்று அவர் இந்திராதேவியின் வாசலில் தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். "செட்டை ஒரு தேசம், என்ஜின் ஒரு தேசம், டயர் இன்னொரு தேசம். பூட்டுறவன் வேற, பறக்கிறவன் வேற. ஆரு செஞ்சதெண்டு கேட்டுப்பாருங்க. நான் ஆணி மட்டும்தான் செஞ்சன் எண்டு ஒருத்தன் சொல்லுவான், நான் குழாய் மட்டும்தான் எண்டு மற்றவன் சொல்லுவான். முழுப் பிளேனைச் செஞ்சவனை நான் கண்டதில்லை."

ஊரும் அப்படித்தான் சொல்லப் பழகியது. ஓட்டு வீடுகள் எழும்பின. யசோதா வீட்டுக்கு நீலச் சாயம் அடித்தாள். அவளுடைய புருசன் சுகந்தனும் போரில் செத்தவன், தனி ஆளாக நின்று கட்டிய வீடு அது. ஆனால் மூட்டைகள் வீட்டில் இருக்கும் நாட்களில் கோழிகள் அடைகாக்க மறுத்தன. காலையில் மூட்டையைத் தொட்டால், யாரோ கொஞ்சம் முன்புதான் படுத்து எழும்பிய பாய்போல இளஞ்சூடாக இருக்கும். மண்ணெண்ணெய் மணம் சோற்றுக்குள் வந்தது. வேறு வேறு வீட்டுச் சாமான்களைப் பக்கத்தில் வைத்தால் அவை தாமாக அரக்கி அரக்கி ஒன்றையொன்று தேடிப்போய் முட்டிக்கொண்டு நின்றன. பிரிப்பதற்கு இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். இதைப் பற்றி யாரும் யாருடனும் கதைக்கவில்லை. கதைத்தால் தலைக்கு மேலே வந்த ஓடுகளைப் பற்றியும் கதைக்க வேண்டி வருமே.

மூன்றாம் வருடம் மாசியில் யசோதாவின் வளவில், பூசணிக் கொடியில், ஒரு அலுமினியத் தகடு காய்த்தது. மூட்டை கட்ட உதவிக்குப் போன இந்திராதேவி அதைப் பார்த்ததும் பூசணிப் பாத்திக்குள்ளேயே குந்திவிட்டாள். மற்றச் சாமான்களெல்லாம் சாம்பல் நிறம், இதற்குமட்டும் சாயமே இல்லை. ஒரு மூலை சரிவாக வெட்டுப்பட்டு, கிழிந்த சாரத்துக்கு வேறு சீலையில் ஒட்டுப் போட்டதுபோல ஒரு தகடு. அதை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

ஊர் இடம்பெயர முந்திய ஒரு சித்திரை மாதம், முற்பகல். குண்டு போடும் பொம்மர் வருகிற சத்தம் கேட்டால் எல்லோரும் குப்புறப் படுப்பார்கள், அதுதான் பழக்கம். அன்றைக்கு இந்திராதேவி வாய்க்கால் வரம்பில் கால் தடுக்கி மல்லாந்து விழுந்தாள். அதனால் ஊரிலே அவள் ஒருத்திதான் பொம்மரின் வயிற்றைப் பார்த்தாள். பனைக்கு மேலே, வட்டை உரசுமாப்போல அவ்வளவு பதிவாக வந்தது; வயிற்றில் இந்த ஒட்டுத் தகடு வெயிலில் மின்னியது. அதற்குப் பிறகுதான் குண்டு கழன்று விழுந்தது. பிள்ளையார் கோயில் கிணற்றடியில் ஏழுபேர். அவளுடைய ஒரே பிள்ளை கிருஷாந்தன் தண்ணீர் அள்ளப் போயிருந்தான். அவனுக்குப் பதினாலு வயது. அவனை அனுப்பியதும் அவள்தான்.

"பிளேன் எல்லாம் ஒண்டுபோலத்தான் இருக்கும்" என்றார் யோகராசா. சொன்னாரே தவிர அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஹுசைனின் லொறி வரும்வரை வாசலில் காத்திருந்தாள்.

"ஹுசைன் நானா, இந்தச் சாமானெல்லாம் எந்தப் பிளேனுக்குப் போகுது? எனக்குச் சொல்லிப்போட்டு ஏத்துங்கோ."

ஹுசைன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நானும் அதைக் கேட்டன் தங்கச்சி. இது எப்பவோ குடுத்த பழைய ஓடராம். சித்திரைக்கு முன்னம் சாமான் எல்லாம் போய்ச் சேரவேணுமாம்."

"எந்தச் சித்திரைக்கு?"

"வாற சித்திரை இல்லை." அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க இந்த ஊரை விட்டுப் போகமுந்தின சித்திரை. எனக்கும் விளங்கேல்லை. அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

இந்திராதேவிக்கு விளங்கிவிட்டது. மகனைக் கொன்ற பொம்மர் இன்னும் செய்து முடியவில்லை. இப்போதுதான் செய்துகொண்டிருக்கிறார்கள், இங்கேயிருந்து போகிற சாமானில்தான் செய்கிறார்கள். அதற்கு முதல் ஆணியை விளக்கு ஏற்றி வீட்டுக்குள் எடுத்தவள் அவள். நெஞ்சில் கையால் அடித்துக்கொண்டு அழுதாள், தெருவென்றும் பார்க்கவில்லை. ஹுசைன் அன்றைக்கு ஒன்றும் ஏற்றாமல் போனார். ஆனால் மறுநாள் யசோதாவின் வளவிலிருந்து தகட்டை வேறு லொறி வந்து ஏற்றிப்போயிற்று.

அறுவடை முடிந்த யோகராசாவின் வயலில் ஒரே ஒரு நெல்தாள் மட்டும் அறுபடாமல் நின்றது. அதன் நுனியில் ஒரு கொக்கி. கை நீளம், கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. ஹுசைன் அதைப் பார்த்து, தொடாமலே சொன்னார்: குண்டைப் பிடித்து வைத்திருந்து, வேண்டிய நேரம் திறந்து விடுவது இதுதான். ஓடரில் மிச்சம் இது ஒன்றுதான். இது போகாவிட்டாலும் பிளேன் பறக்கும். ஆனால் குண்டு விழாது. இந்திராதேவி கொக்கியை முறித்து எடுத்து இடதுகைக்குள் பொத்திக்கொண்டாள். கேட்டால் தரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, திரும்பி நடந்துவிட்டாள்.

ஓடர் முடியாவிட்டால் கொடுத்த ஓடு, கதவு, சீமெந்தெல்லாம் திரும்பிப் போய்விடும் என்று சந்தியில் நிற்கிறவன் சொல்லியனுப்பினான். ஊர் கூடிவிட்டது. இவ்வளவு சனம் கலியாணத்துக்குக்கூட அந்த வாசலுக்கு வந்ததில்லை. யசோதாதான் முன்னால் வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு கொக்கிதானே. குடுத்துவிடுங்கோ. நான் தனிச்சவள், திரும்பவும் தறப்பாளுக்குக் கீழை போய்க் கிடக்க என்னாலை ஏலாது."

"நானும் ஒரு ஆணிதானே எண்டுதான் துடங்கினனான் யசோ."

"செத்தவை செத்தவைதானக்கா! என்ரை மனுசனும் அந்தக் கிணத்தடியிலைதான் செத்தவர். நீங்கள் இதைப் பொத்தி வச்சிருந்தா அவர் எழும்பி வருவாரோ?"

"எனக்கு அது தெரியாது. இது என்ரை கைக்குள்ளை கிடக்குமட்டும் அந்தக் குண்டு விழேல்லை. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

யோகராசாவும் அன்று பின்னேரம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். பிள்ளை வருவானென்று நினைக்கிறாயா என்றார். வராவிட்டாலும் என் கையால் அதைக் கொடுக்க ஏலாது என்றாள். மனுசன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வேலிப் படலையடியில் கதிரையைப் போட்டுக் காவல் இருந்தார். ஊரே திட்டியது, கல்கூட விழுந்தது. அவர் எழும்பவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் ஓடுகள் கழன்றன. ஒன்றும் உடையவில்லை. ஒவ்வொன்றாகக் கூரையிலிருந்து இறங்கி, முழங்கால் உயரத்தில், வரிசை குலையாமல் மன்னார் றோட்டால் போயின. பின்னால் கதவுகள், ஜன்னல்கள், சீமெந்து தூசாகி அதற்குப் பின்னால். சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தடையைத் தூக்கி வழி விட்டான். சனம் மடித்து வைத்திருந்த பழைய தறப்பாளைத் தேடி எடுத்தது. இந்திராதேவியின் வீட்டுக் கூரையும் போனதுதான்; ஆனாலும் அவளோடு யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. யசோதா அவளைக் கண்டால் காறித் துப்பினாள்.

சித்திரையில் கிருஷாந்தனின் திவசம் வந்தது. வருடா வருடம் செய்வதுபோலக் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம் என்று அவனுக்குப் பிடித்ததெல்லாம், இடதுகையில் கொக்கியைப் பொத்தியபடி ஒற்றைக் கையால் சமைத்தாள். படையலுக்கு வைப்பதை உப்புப் புளி பார்க்க நாக்கில் வைக்கக் கூடாது, கைக்கணக்கில் போட்டதுதான். தறப்பாளுக்குள்ளே தலைவாழை இலை போட்டுப் படைத்து, விளக்கு வைத்து, தறப்பாள் வாசலை மூடிவிட்டு, காகத்துக்குச் சோறு வைக்க வெளியே வந்தாள். காகங்கள் வந்து கரைந்தன. பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்துவிட்டன. அப்போதுதான் அவளுக்கும் சத்தம் கேட்டது.

ஊரில் எல்லோரும் நின்ற நின்ற இடத்தில் குப்புற விழுந்தார்கள். போர் முடிந்து எத்தனை வருடமானாலும் உடம்பு அதை மறக்கவில்லை. யோகராசா படலையடியில் விழுந்தார், யசோதா அடுப்படியில் விழுந்தாள். இந்திராதேவி மட்டும் வேண்டுமென்றே மல்லாந்து படுத்தாள். பொம்மர் பனைக்கு மேலே பதிவாக வந்தது. அவள் வயலின் றிவெற், யசோதாவின் குழாய், கொண்டச்சிக் கண்ணாடி, வயிற்றில் ஒட்டுத் தகடு, எல்லாம் அதில் இருந்தன. கோயில் கிணற்றுக்கு நேரே வந்ததும் வயிறு ஒருமுறை குலுங்கியது. கைக்குள்ளிருந்த கொக்கி பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டது. தோல் கருகுகிற மணம் அவளுக்கே வந்தது. "விடமாட்டன், விடமாட்டன்" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். பொம்மர் குலுங்கியபடியே கடந்து போயிற்று. கடற்பக்கம் போய் வளைந்து திரும்பவும் வந்தது, திரும்பவும் குலுங்கியது, திரும்பவும் போனது. கிணற்றுத் தண்ணீர் அசையக்கூட இல்லை.

அவள் எழும்பிச் சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபோது, மூடிய தறப்பாளுக்குள்ளே செம்பு உருண்டது. நாய் புகுந்துவிட்டது என்று விலக்கிப் பார்த்தாள். கிருஷாந்தன் சப்பாணி கட்டி இருந்து படையல் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பதினாலு வயதுதான். தலைமயிரெல்லாம் மணல், காற்சட்டை நனைந்திருந்தது, பக்கத்தில் தண்ணீர் வாளி. நிமிர்ந்து பார்த்து, "அம்மா, கறிக்கு உப்புக் காணாது" என்றான்.

அவள் போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்து, வலதுகையால் அள்ளி இலையின் ஓரத்தில் வைத்தாள். யோகராசா வந்து எட்டிப் பார்த்தார், அப்படியே வாசலில் குந்தி விசும்பி விசும்பி அழுதார். சற்று நேரத்தில் தெருவில் யசோதாவின் சத்தம் கேட்டது. படலையைத் திறந்துகொண்டு வந்த சுகந்தன், "எங்கையடி வீட்டுக் கூரை?" என்று கேட்டிருக்கிறான், அவள் அகப்பையாலே அவனை நாலு போடு போட்டுவிட்டு, அவனுடைய காலைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுதாள். கிணற்றடிக்குப் போன ஏழுபேரும் அவரவர் வாளியோடு அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

பொம்மர் போகவில்லை. அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் முற்பகலில் வருகிறது, கிணற்றுக்கு மேலே குலுங்குகிறது, விழுத்த முடியாமல் கடற்பக்கம் வளைகிறது. அதற்கு எண்ணெய் முடிவதில்லை, அதற்குள்ளே இருக்கிறவன் யாரென்று தெரியாது. ஊர் திரும்ப நெல் விதைக்கிறது, கூரை பின்னிய தென்னோலைக் கிடுகுதான். யசோதாவும் சுகந்தனும் அதே கிடுகுக்குக் கீழே நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள். ஹுசைன் வருடத்துக்கு ஒருமுறை வந்து, சந்தியில் நிற்கிறவன் இன்னும் நிற்கிறான் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். இந்திராதேவியின் இடதுகை கொக்கியோடு சேர்ந்து ஆறி மூடிவிட்டது. இனி விரிக்கச் சொன்னாலும் விரியாது. கடையில் வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேட்கும்போது பொம்மர் வந்தால் முதலாளியும் சனமும் சத்தம் அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அடங்கியதும் விலையைச் சொல்வார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதுண்டு. இந்திராதேவி பார்ப்பதில்லை, அது வருகிற நேரத்தில்தான் கிருஷாந்தன் வயலிலிருந்து வந்து சாப்பிடக் குந்துவான். அவன் சாப்பிட்டு எழும்பும்வரை அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.